கரண்ட் டவருக்கு இந்த வடிவம் எப்படி வந்தது?

வரப்போரம்:
எங்கள் தோட்டத்துக்குக் குறுக்கே 110 கேவி (1,10,000 வோல்ட்) லைன் போகிறது. சின்ன வயதிலிருந்தே அந்த டவரைப் பார்த்து வளர்ந்தவன்தான், ஆனால் போன வாரம் கிணற்று மேட்டில் உட்கார்ந்து சும்மா அண்ணாந்து பார்த்தபோதுதான் யோசனை வந்தது. நாலு கால், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம், இரண்டு பக்கமும் மூன்று மூன்று கை. இதை முதலில் யோசித்தது யார்? தெரு லைனுக்கு ஒற்றைக் கம்பம் போதும் என்கிறபோது இதற்கு மட்டும் ஏன் இத்தனை இரும்பு?

இன்னொன்று. மற்ற டவர்களில் பீங்கான் தட்டுகள் நேராகத் தொங்குகின்றன. ஓடைப் பக்கம் லைன் திரும்புகிற இடத்தில் இருக்கும் டவரில் மட்டும் படுத்த மாதிரி இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அது பழைய மாடல் என்கிறார். சரியா?

பீங்கான்பித்தன்:
பழைய மாடல் இல்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். டவரின் வடிவத்தை முடிவு செய்தது, கம்பியிலிருந்து கரண்ட் டவருக்குப் பாயாமல் தடுக்க அதில் தொங்கும் பீங்கான்தான் என்பது என் கட்சி, அதனால் கதையை அங்கிருந்து தொடங்குகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் எல்லாம் மரக் கம்பம்தான். 1891-ல் ஜெர்மனியில் லாஃபன் என்ற ஊரில் ஆற்று நீரில் எடுத்த மின்சாரத்தை 175 கிலோமீட்டர் தள்ளி ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்குக் கொண்டுபோய் ஆயிரம் விளக்கு எரியவைத்தார்கள். அழுத்தம் 15,000 வோல்ட், பிறகு சோதனையில் 25,000 வரை ஏற்றினார்கள். கம்பங்கள் மூவாயிரத்துக்கு மேல். கணக்குப் போட்டால் அறுபது மீட்டருக்குள் ஒரு கம்பம் வரும், ஒவ்வொன்றிலும் மூன்று பீங்கான். அந்தப் பீங்கானின் அடி விளிம்பை உள்பக்கம் மடித்துப் பள்ளமாக்கி அதில் எண்ணெய் ஊற்றி வைத்தார்கள், மழை ஈரத்தில் கரண்ட் கம்பத்துக்குக் கசியாமல் இருக்க. ஊறுகாய் ஜாடி மாதிரி.

அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் அதே மின்சாரத்தை அனுப்ப ஆம்பியர் பாதி போதும், கம்பியில் சூடாகி வீணாவது கால் பங்காகிவிடும். அதனால் எல்லோருக்கும் வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போக ஆசை. தடுத்தது பீங்கான். அப்போது இருந்தது கம்பத்தின் மேல் ஆணியில் நட்டு வைக்கும் வகை. வோல்ட் ஏற ஏறத் தொப்பிக்கு மேல் தொப்பி வைத்த மாதிரி பெரிதாகும், விலையும் எடையும் எகிறும், உடைந்தால் லைன் போச்சு. 60,000 வோல்ட்டைத் தாண்டினாலே திணறல்.

ஒவ்வொரு பீங்கானும் ஒரு தலைவலி என்றால் பீங்கானைக் குறைப்பதுதான் வழி, அதாவது கம்பங்களைத் தள்ளித் தள்ளி நட வேண்டும். தள்ளி நட்டால் கம்பி நடுவில் தொய்யும். தொய்வுக்கு ஈடுகொடுக்க உயரம் வேண்டும், அவ்வளவு உயரமும் பலமும் மரத்தில் கிடைக்காது. இரும்பு வந்தது இப்படித்தான். மெக்சிகோவில் குவானாஹுவாத்தோ வெள்ளிச் சுரங்கங்களுக்கு 1900-களின் தொடக்கத்தில் 60,000 வோல்ட் லைன் இழுத்தபோது, அமெரிக்காவில் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கும் காற்றாலைக்கு ஏர்மோட்டர் கம்பெனி விற்றுக்கொண்டிருந்த இரும்புக் கோபுரத்தைத்தான் வாங்கி நட்டார்கள்! காற்றாலைக் கோபுரமும் உச்சியில் வரும் இழுப்பைத் தாங்கச் செய்ததுதானே. துண்டு துண்டாகக் கழுதை முதுகில்கூட ஏற்றி, போன இடத்தில் போல்ட் போட்டு நிமிர்த்திவிடலாம். உங்கள் தோட்டத்து நாலு காலுக்கு ஒரு பாட்டன் இந்தக் காற்றாலை.

கைகள் இப்படி நீண்டது அதற்கப்புறம். 1907-ல் ஹியூலெட், பக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் பீங்கானை நட்டு வைப்பதற்குப் பதிலாகத் தட்டுத் தட்டாகக் கோத்துத் தொங்கவிட்டார்கள். வோல்ட் கூட வேண்டுமா, இன்னும் இரண்டு தட்டைக் கோத்துக்கொள். அவ்வளவுதான். சில வருடங்களிலேயே 1,00,000 வோல்ட்டைத் தாண்டிவிட்டார்கள். 1913-ல் கலிபோர்னியாவின் பிக் கிரீக் லைன் 1,50,000 வோல்ட், 1923-ல் அதே லைன் 2,20,000. ஆனால் தொங்குவது காற்றில் ஆடும். ஆடிய கம்பி இரும்பில் இடிக்காமல் இருக்கக் கை நீள வேண்டும், கோத்த தட்டுச் சரம் தொங்கும் அளவுக்குக் கோபுரமும் உயர வேண்டும்.

இப்போது உங்கள் ஓடைப் பக்கம். நேர் லைனில் சரம் கம்பியின் எடையைத் தூக்கினால் போதும், அதனால் செங்குத்தாகத் தொங்கும். லைன் திரும்புகிற இடத்தில் கம்பியின் முழு இழுவிசையையும் டவர் பிடிக்க வேண்டும், சரம் இழுக்கிற திசையிலேயே கிடக்கும். டென்ஷன் டவர் என்பார்கள். அதன் கால்கள் இன்னும் அகலமாக, சட்டங்கள் தடியாக இருக்கும், பாருங்கள்.

குழாய்க்கட்சி:
சட்டம் சட்டமாக வைப்பதற்கு முக்கியக் காரணம் காற்று உள்ளே புகுந்து போய்விடும் என்பதும்தான், அதை விட்டுவிட்டீர்கள். ஆனால் நாலு கால்தான் ஒரே வழி என்று நினைக்க வேண்டாம். ரஷ்யாவில் ஓகா ஆற்றைக் கடக்க ஷூஹவ் என்ற பொறியாளர் 1929-ல் 128 மீட்டர் உயரத்துக்கு, மூங்கில் கூடை பின்னின மாதிரி இடுப்பு ஒடுங்கிய வட்டக் கோபுரங்களைக் கட்டினார். ஒன்று இன்னும் நிற்கிறது. அழகென்றால் அது.

பீங்கான்பித்தன்:
காற்று விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அழகு என்றதும் இங்கிலாந்து ஞாபகம் வருகிறது. 1928-ல் 1,32,000 வோல்ட்டுக்கு நாடு முழுக்க ஒரே வலை போட்டபோது, வடிவத்தைத் தேர்ந்தெடுக்க ப்ளோம்ஃபீல்ட் என்ற கட்டடக்கலை நிபுணரை வைத்துக்கொண்டார்கள். பழைய பாணியில் ஊறிய ஆள். அவர் டிக் அடித்தது மில்லிகன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவம். 1933-க்குள் ஏறக்குறைய 26,000 கோபுரம். கிராமத்து அழகு போச்சு என்று கிப்ளிங்கும் கெயின்ஸும் இன்னும் சிலரும் சேர்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள், லைன் நிற்கவில்லை.

கோலார்க்காரன்:
நம் பக்கத்தையும் சொல்லுங்களேன். 1902-லேயே சிவசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் இழுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கரண்ட் கொடுத்தார்கள். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். கோவைக்கு பைக்காரா கரண்ட் வந்தது அதற்கு முப்பது வருடம் கழித்து.

வரப்போரம்:
எல்லோருக்கும் நன்றி. பெரியவரிடம் சொன்னேன், "அப்ப அது பழைய மாடல் இல்லையா" என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். போய் எண்ணினேன், தொங்குகிற சரத்தில் எட்டு தட்டு. படுத்த சரத்தில் ஒன்பது. எதற்கு ஒன்று கூட?

பீங்கான்பித்தன்:
அங்கே ஒரு தட்டு பழுதானாலும் தாக்குப்பிடிக்க ஒன்று கூட்டிக் கோப்பது வழக்கம். எண்ணுவதெல்லாம் சரி, தூரத்திலிருந்தே எண்ணுங்கள்.