பிக்னிக் மேஜைப் பலகை வளைந்துகொண்டே இருக்கிறது

தோட்டத்தில் போட்ட மேஜையின் பலகைகள் நடுவில் குழிந்து, ஓரம் தூக்கி நிற்கின்றன. டம்ளர் வைத்தால் சாய்கிறது.

இடம் கோவை, வடவள்ளி. இருபக்க பெஞ்சும் சேர்ந்த இரும்புச் சட்டம் ஆன்லைனில் வாங்கியது; 6 அடி, பவுடர் கோட்டிங், மரம் மட்டும் நம் பொறுப்பு. 6 அங்குல அகலம், 1 அங்குல கனத்தில் பைன் பலகை எடுத்து, இடைவெளியே விடாமல் நெருக்கி 8 எம்எம் போல்ட்டால் முடுக்கினேன். அப்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது! செப்டம்பரில் பூட்டியது, ஐப்பசி மழை முடிவதற்குள் வளைந்துவிட்டது.

போல்ட்டை இன்னும் முடுக்கியதில் ஒரு பலகை வெடித்ததுதான் மிச்சம். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி, 2 வாரம் நிழலில் காயவைத்து, இழைத்து, 5 எம்எம் இடைவெளி விட்டுப் பூட்டினேன். மேல்பக்கம் மட்டும் 2 கோட் வார்னிஷ். அடுத்த மழையில் அதே கதை.

அடிப்பக்கம் வார்னிஷ் அடிக்காததுதான் தப்பு என்கிறார் ஆசாரி. சட்டத்தின் ஓட்டைகள் போல்ட்டுக்குச் சரியான அளவில் இருப்பதால் மரம் ஊதிச் சுருங்க இடமில்லையோ என்பது என் சந்தேகம்.

இதே பலகைக்கு அடியிலும் வார்னிஷ் அடித்து, ஓட்டைகளை அகலவாக்கில் அராவி நீட்டினால் சரியாகுமா, இல்லை 1½ அங்குல கன வேங்கை மரப் பலகைக்கு மாறிவிடுவதுதான் வழியா?