ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்: தெம்மாங்கும் மின்னிசையும், மலைக்காரர்களின் அனுபவங்கள்

கூடலூரிலிருந்து:

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் (சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்) பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. என் பெரியம்மா இன்னமும் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்தான் இருக்கிறார். கொழுந்து பறித்தபடியே தெம்மாங்கு மெட்டில் சொந்தமாக வரி கட்டுவார். கங்காணியைத் திட்டுவார், அட்டைக்கடியை நொந்துகொள்வார், அடுத்த வீட்டு மருமகளைக் கேலி செய்வார். அந்தப் பாட்டை மின்னிசையோடு சேர்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

லயத்தை ஒட்டியே தேயிலை ஃபேக்டரி. டிரான்ஸ்ஃபார்மரும், இலை வாட்டும் தொட்டிகளின் விசிறி மோட்டார்களும் இரவெல்லாம் உறுமும். வெளியில் பதிவு செய்கிறவர்கள் பொதுவாக இந்த இரைச்சலை வடிகட்டிவிடுவார்கள். நான் அதையே தம்பூராவாக வைத்துக்கொண்டேன்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் அதன் இரட்டிப்பான 100-இல் நிற்கும். அதற்கு மேல் ஸ்தாயி 200. பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்றால் 196, ஐந்தரை என்றால் ஏறக்குறைய 208. ஆக, ஃபேக்டரியின் சுருதி கீபோர்டில் கட்டையே இல்லாத இடத்தில் விழுகிறது. பெரியம்மா வாசலில் உட்கார்ந்து பாடியதை அளந்து பார்த்தேன். அவருடைய ஆதார ஷட்ஜமும் (அடிப்படை ஸ்வரமான ‘ஸ’) அங்கேதான் இருந்தது! கேட்டுக் கேட்டுப் பழகிய காதா, தற்செயலா? சத்தியம் செய்ய நான் தயாரில்லை. சிந்தசைசரை ஐந்து கட்டையிலிருந்து 35 சென்ட், அதாவது அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு, ஏற்றியதும் மூன்றும் ஒட்டிக்கொண்டன. சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளைப் போட்டிருந்தால் அவரை இழுத்து ஐந்தில் உட்கார வைத்திருக்கும்.

தாளம் தனிக்கதை. சீரான வேகத்தில் தட்டும் மெட்ரோனோமைக் காதில் மாட்டியதும், அந்தச் சனியனை எடு என்றார். எடுத்துவிட்டேன். அவர் பாடி முடித்த பிறகு, மூச்சு விடும் இடங்களைப் பார்த்து வரிக்கு வரி வேகத்தை மாற்றித் தாளத்தை அமைத்தேன். அலுப்பான வேலைதான், ஆனால் பாட்டு பாட்டாகவே இருக்கிறது.

குன்னூரிலிருந்து:

அண்ணா, வேகம் மாறும் தாளம் வேண்டுமானால் எங்கள் மலை ரயிலைப் பதிவு செய்யுங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, 12-க்கு 1 ஏற்றம். நீராவி எஞ்சின் மூச்சு வாங்கும் வேகத்தை எந்தக் கணினித் தாளத்திலும் அடைக்க முடியாது. சுரங்கத்துக்குள் நுழைந்தால் எதிரொலி இலவசம். 1948-இல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளை இசைத்தட்டில் பதித்துத்தான், நிஜ ஓசைகளைக் கோத்து அமைக்கும் இந்த வகை இசையைத் தொடங்கினார். பதிவுக்குப் போகிறவர்கள் மைக்குக்குப் பஞ்சுறை மாட்டிக்கொள்ளுங்கள், பர்லியாறு காற்று பொல்லாதது.

கோத்தகிரியிலிருந்து:

எனக்கு நேர்ந்தது கசப்பான அனுபவம். எங்கள் ஊர்ப்பக்கத்து விடுதி ஒன்றின் விருந்தில், நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் ‘கொள்’ என்ற குழலின் இசையை வெட்டி நடனத் தாளத்தோடு ஒலிக்கவிட்டார்கள். கோத்தர்களிடம் தெய்வத்துக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு. அன்று ஒலித்தது சாவு மெட்டு. என்னோடு வந்திருந்த கோத்த நண்பர் சாப்பிடாமலே எழுந்து போனார். பதிவு செய்தவர் கேட்டிருந்தால் ஊரில் ஒருவராவது சொல்லியிருப்பாரே! கூடலூர் அண்ணா, பாட்டில் உங்கள் பெரியம்மாவின் பெயர் வருமா?

கூடலூரிலிருந்து:

பாட்டாசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர்தான். பணம் வந்தால் பாதி அவருக்கு. முழுப் பாட்டையும் போட்டுக் காட்டி அனுமதி வாங்கினேன். கங்காணியைத் திட்டும் வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அந்தக் கங்காணியின் பேத்தியைத்தான் என் தம்பிக்குக் கட்டியிருக்கிறோம்.