ஸ்டீம் அட்டைப்படம்: சின்னதாக்கினால் இருட்டு மட்டும்தான் தெரிகிறது

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்துக்காக, கலங்கரை விளக்கத்துக்குள் நடக்கும் ஒரு 2டி புதிர் விளையாட்டைத் தனியாளாகச் செய்துகொண்டிருக்கிறேன். கதை முழுக்க இரவு. அட்டைப்படத்தில் காவல்காரப் பாட்டி லாந்தரைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், பின்னால் கடல். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்தது. விளையாட்டின் பக்கத்தில் மேலே வரும் 920x430 ஹெடரில் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் 462x174 சின்ன கேப்ஸ்யூலில், அதாவது பட்டியல்களில் வரும் சின்ன அட்டைப்படத்தில். தேடல் பட்டியலில் அது இன்னும் சுருங்கித்தான் தெரியும். அங்கே பாட்டி ஒரு கறுப்புத் திட்டு, தலைப்பு ஒரு கோடு. ஸ்டீமின் பின்னணியும் கருநீலம் என்பதால் படத்தின் ஓரமே அதில் கரைந்துவிடுகிறது.

தலைப்பைப் பெரிதாக்கினேன், பாட்டியின் முகம் மறைந்தது. எழுத்துக்கு வெள்ளை விளிம்பு கொடுத்தேன், மலிவான மொபைல் கேம் போல ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் லாந்தர் வெளிச்சம் தவிர மற்றதெல்லாம் ஒரே சாம்பல். கடலை ஊதாவாக்கியது கொஞ்சம் உதவியது, ஆனால் பார்த்தவர்கள் திகில் கேமா என்று கேட்கிறார்கள். இது திகில் இல்லை, நிதானமான விளையாட்டு. விருது, விமர்சன வரி எதையும் படத்தில் போட 2022 முதல் ஸ்டீம் விடுவதில்லை, ஆக அந்த வழியும் கிடையாது.

ஸ்டீம் அக்டோபரில் நடத்தும் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்டுக்கு முன் முடிக்க வேண்டும். ஓவியருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை.

சின்ன கேப்ஸ்யூலில் மட்டும் பாட்டியை எடுத்துவிட்டு லாந்தரும் தலைப்பும் போதும் என்று விடலாமா, அல்லது எல்லா அளவிலும் அவள் முகம் இருந்தே ஆக வேண்டுமா?