நாலெட்ஜுக்கு 'எ' போடலாம், ப்ராக்ரஸுக்கு ஏன் கூடாது?

புதுவரவு:
வேலைக்கு அனுப்பும் ஆங்கிலக் கவர் லெட்டரில் "ஐ ஹேவ் எ குட் நாலெட்ஜ் ஆஃப் டேலி", "ஐ மேட் எ குட் ப்ராக்ரஸ் இன் ஜிஎஸ்டி ஃபைலிங்" என்று இரண்டு வரிகள். திருத்தும் செயலி முதலாவதைத் தொடவில்லை, இரண்டாவதில் 'எ'யை அடித்துவிட்டது. இரண்டுமே அன்கவுன்டபிள் (எண்ணிச் சொல்ல முடியாத பெயர்ச்சொல்) தானே? 'தி' போட்டால் சரியாகுமா?

வரிக்குதிரை:
செயலி செய்தது சரி. அன்கவுன்டபிளிலேயே ஒரு சின்னக் கூட்டம் 'எ'யை ஏற்கும்: நாலெட்ஜ், எஜுகேஷன், அண்டர்ஸ்டேண்டிங், ஹெல்ப். பெரும்பாலும் முன்னால் ஒரு அட்ஜெக்டிவோ பின்னால் 'ஆஃப்' தொடரோ இருக்கும்போதுதான்: "எ குட் எஜுகேஷன்", "எ கிளியர் அண்டர்ஸ்டேண்டிங் ஆஃப் தி ரூல்ஸ்". அதற்காக "நாலெட்ஜஸ்" என்று பன்மையாக்க முடியாது.

ப்ராக்ரஸ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன், நியூஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்யூப்மென்ட், வெதர் எல்லாம் பிடிவாதக்காரர்கள். எந்த அட்ஜெக்டிவைச் சேர்த்தாலும் 'எ' வராது. "வாட் எ லவ்லி டே" சரி, "வாட் எ லவ்லி வெதர்" தப்பு. "வாட் லவ்லி வெதர்" என்பதோடு நிறுத்த வேண்டும்.

எது எந்தக் கூட்டம் என்று சொல்ல முழுமையான விதி கிடையாது. கற்பவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் திறந்தால் ப்ராக்ரஸுக்குப் பக்கத்தில் 'அன்கவுன்டபிள்' என்று மட்டும் இருக்கும். நாலெட்ஜுக்கு 'சிங்குலர்' என்பதும் சேர்ந்திருக்கும். அந்த ஒரு சொல்தான் 'எ'க்கான அனுமதிச் சீட்டு.

ஓலைச்சுவடி:
தமிழில் "ஒரு தகவல்", "ஒரு அட்வைஸ்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்த 'ஒரு' அப்படியே 'ஆன்' ஆகிவிடுகிறது. 'எ'யை எடுத்துவிட்டு 'சம்' போட்டாலே பாதித் தொல்லை தீரும்: "ஐ நீட் சம் இன்ஃபர்மேஷன்". ஒன்றுதான் என்று அழுத்த வேண்டுமானால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்". ஆனால் எல்லா இடத்திலும் 'பீஸ் ஆஃப்' போட்டால் படிக்கச் சகிக்காது. சொல்லையே மாற்றுங்கள்: லக்கேஜுக்கு "எ பேக்", வொர்க்குக்கு "எ ஜாப்", டிராவலுக்கு "எ டிரிப்", சாஃப்ட்வேருக்கு "எ புரோகிராம்".

"எ சாஃப்ட்வேர் இன்ஜினியர்", "எ ஃபர்னிச்சர் ஷாப்" இவற்றில் 'எ'யை வெட்டிவிடாதீர்கள். அது இன்ஜினியருக்கும் ஷாப்புக்கும் உரியது.

வரிக்குதிரை:
'தி' பற்றிக் கேட்டீர்களே. எதைச் சொல்கிறோம் என்று எதிராளிக்குத் தெரிந்தால் 'தி', பொதுவாகச் சொன்னால் ஒன்றும் வேண்டாம். "வாட்டர் பாய்ல்ஸ் அட் 100 டிகிரீஸ்", ஆனால் "தி வாட்டர் இன் திஸ் பாட் இஸ் ஹாட்". பின்னால் 'ஆஃப்' வந்தாலே 'தி' என்று நினைப்பதும் தப்பு. "நாலெட்ஜ் ஆஃப் டேலி இஸ் ரிக்வயர்டு" என்றுதான் வேலை விளம்பரத்தில் வரும். உங்கள் வரியில் ப்ராக்ரஸுக்கு 'தி' வேண்டாம், "மேட் குட் ப்ராக்ரஸ்" போதும்.

புதுவரவு:
நன்றிங்க. கடைசி வரி "ஐ ஹேவ் ஆன் எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் த்ரீ இயர்ஸ்". இதுவும் போச்சா?

ஓலைச்சுவடி:
போச்சு. வேலை அனுபவம் அன்கவுன்டபிள். 'ஆன் எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் நடந்த ஒரு சம்பவம் என்றாகிவிடும். "ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்ட்ஸ்" என்று எழுதுங்கள். கடைசியில் 'எக்ஸ்பீரியன்சஸ்' என்று 'எஸ்' ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.