சித்தப்பா பெயருக்கு முன்னால்

இத்தாலி இயக்குநர் அன்டோனியோனியின் 'லவென்தூரா' படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். 1960-இல் வந்த படம். அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பாவுக்குத் தையல் கடை. 1994 ஐப்பசியில், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, நூலும் பித்தானும் வாங்கி வருகிறேன் என்று மதுரைக்கு பஸ் ஏறினார். அவ்வளவுதான். கடை மேஜையில் ஊர்ப் பிள்ளைகளின் துணியெல்லாம் வெட்டியபடி கிடந்தது. அப்பாதான் அதை வேறொரு டெய்லரிடம் கொடுத்துத் தைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த வருடம் பழனி, திருப்பதி, வேளாங்கண்ணி என்று அப்பா அலையாத இடம் இல்லை. தாராவியில் பார்த்ததாக யாரோ சொன்னதைக் கேட்டு பம்பாய்க்கும் போனார். மறு வருடம் இரண்டே பயணம். அப்புறம் யாராவது துப்பு சொன்னால் மட்டும். அதற்கும் அப்புறம், துப்பு வந்தபோதும் "அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்றார். தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் நிறுத்திவிட்டோம்.

படத்தில் சிசிலிக்கு வடக்கே லிஸ்கா பியாங்கா என்ற பாறைத் தீவுக்குப் படகில் வரும் கூட்டத்தில் ஆன்னா என்ற பெண் காணாமல் போகிறாள். காதலன் சாண்ட்ரோவும் தோழி கிளாடியாவும் தேடுகிறார்கள். பாறை இடுக்கெல்லாம் பார்க்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. அப்புறம் ஊர் ஊராகத் தேடல். போகப் போக அந்த இருவருக்குள்ளேயே காதல் வந்துவிடுகிறது. ஆன்னா என்ன ஆனாள் என்று கடைசிவரை தெரிவதில்லை. முதன்முதலில் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டபோது கூட்டம் சிரித்தும் கூச்சலிட்டும் கேலி செய்ததாம். அதே விழாவில் நடுவர் பரிசும் கிடைத்தது. மெதுவான படம், 143 நிமிடம். அந்த மெதுவில்தான் எனக்கு எங்கள் வீடு தெரிந்தது. ஆன்னாவின் பெயரை அவர்கள் சொல்வது எப்போது குறைய ஆரம்பித்தது என்று பார்க்கிற நமக்கே பிடிபடாது.

முடிவை நெருங்கும்போது கிளாடியா ஒன்று சொல்வாள். சில நாள் முன்பு ஆன்னா செத்திருப்பாளோ என்று நினைத்தாலே எனக்கும் செத்துவிடலாம் போல இருந்தது, இப்போது அழுகைகூட வரவில்லை, அவள் உயிரோடு இருப்பாளோ என்று பயமாக இருக்கிறது, என்று.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். பாகம் பிரிக்காத மனையில், சித்தப்பாவுக்கு என்று தாத்தா கைகாட்டிய கிழக்குப் பாதியில்தான் 2006-இல் அப்பா வீடு கட்டினார். நான் படம் பார்த்துக்கொண்டிருந்த அறை அந்தப் பாதியில் இருக்கிறது. அப்பா வாசலில் யாராவது கூப்பிட்டால் ஒரு நொடி அசையாமல் நின்றுவிட்டுத்தான் எழுந்து போவார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆசையில் நிற்கிறார் என்று நினைத்திருந்தேன்.

2013-இல் என் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது அச்சகத்தில் கேட்டார்கள், சித்தப்பா பெயருக்கு முன்னால் 'திரு'வா, 'தெய்வத்திரு'வா என்று. அப்பா வாயே திறக்கவில்லை. அப்பத்தா மட்டும் "திருன்னே போடு. எம்புள்ளைக்கு நான் இன்னும் திதி குடுக்கல" என்றது. அப்பத்தா இப்போது இல்லை. தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். புரூஃப் வந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு முன்னால் இடம் விட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு படம் வீட்டுக்குள் வந்திருக்கிறதா?

* * *

அண்ணா, நான் குமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். எங்கள் அக்கா வீட்டுக்காரர் 2017-இல் ஓகிப் புயலின்போது ஆழ்கடலில் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போயிருந்தார். திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்து "தேடுங்கள்" என்று கத்திய கூட்டத்தில் அக்காவும் நானும் இருந்தோம்.

சட்டப்படி ஒருவரைப் பற்றி ஏழு வருடம் தகவலே இல்லை என்றால்தான் இறந்தவராக எடுத்துக்கொள்வார்கள். ஓகியில் போனவர்களுக்கு அவ்வளவு காலம் காக்க வைக்காமல் 20 லட்சம் நிவாரணம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பணம் வேண்டும். ஆனால் வாங்குவதற்கு அக்கா கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக் கையில் கொடுத்தால், "நான் போட்டால் அவரை நானே முடித்துவைத்த மாதிரி ஆகாதா?" என்று கேட்டாள். மூன்று நாள் கழித்துப் போட்டாள். நான்தான் பக்கத்தில் இருந்து போட வைத்தேன்.

எனக்கு வந்த படம் இயக்குநர் கோரீடாவின் 'மபொரோஷி'. 1995-இல் வந்த ஜப்பானியப் படம். தொடக்கத்தில் ஒரு பாட்டி, சாவதற்குச் சொந்த ஊருக்குப் போகிறேன் என்று பாலத்தில் நடந்து போவாள். பேத்தி தடுப்பாள், நிறுத்த முடியாது. அந்தப் பேத்தி வளர்ந்து, கணவனைக் காரணம் தெரியாமல் ரயிலில் அடிபட்டுப் பறிகொடுத்து, மறுமணம் செய்துகொண்டு கடலோர ஊருக்கு வருவாள். முகத்தை நெருங்கிக் காட்டவே மாட்டார்கள், எல்லாம் தூரத்தில், பாதி இருட்டில் இருக்கும். அக்காவோடு சேர்ந்து பார்த்தேன். புயல் அன்று மீன் பிடிக்கப் போன கிழவி திரும்புகிற வரை அந்தப் பெண் தவிக்கும் இடத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எங்களுக்குக் கல்லறை இல்லை. கடற்கரை மணலில் குழி பறித்து அதற்குள் வைத்தால்தான் காற்றுக்கு அணையாது. அக்கா முழங்கை வரைக்கும் பறிப்பாள்.

* * *

தங்கச்சி, நீ எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குழி பறிப்பது வரை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது அவராகவே, "கிழக்குப் பாதியை அவன் பேருக்கே எழுதி வைக்க முடியுமான்னு வக்கீல்கிட்ட கேளு" என்றார். சரி என்றேன். புரூஃபை எடுத்து, காலி இடத்தில் பென்சிலால் 'திரு' என்று எழுதிக் கொடுத்தார்.