பேக்பைப்: செஷன்ல புது ட்யூன் எப்படி பிடிக்கிறது?

புதுபைப்பர்:
ஹைலேண்ட் பேக்பைப் (ஸ்காட்லாந்து துருத்தி வாத்தியம்) பழகுறேன், நோட்டேஷன் முன்னாடி இருந்தா ஓரளவு வாசிச்சிடுவேன். இப்ப ஃபோக் செஷனுக்கு போக ஆரம்பிச்சிருக்கேன், ஃபிடில், ஃப்ளூட், கான்செர்டினான்னு சுத்தி உக்காந்து வாசிக்கிறாங்க, யார் முன்னாடியும் பேப்பர் கிடையாது, ஒரு ட்யூன ரெண்டு மூணு சுத்து வாசிச்சிட்டு நிறுத்தாம அடுத்ததுக்கு போயிடுறாங்க. எனக்கு பிடிபடுறதுக்குள்ள முடிஞ்சிடுது. கேட்டே கத்துக்க என்ன பண்ணணும்? அப்புறம் இந்த பைப்பையே அங்க கொண்டு போலாமா?

துருத்திப்பிரியன்:
கடைசி கேள்விக்கு முதல்ல சொல்றேன், வேண்டாம். சத்தம் ஒரு பக்கம், சுருதியே சேராது. ஹைலேண்ட் பைப்ல ஏ-ன்னு எழுதுறது இப்பல்லாம் 480 ஹெர்ட்ஸ் பக்கத்துல கேக்கும், அதாவது பி ஃப்ளாட்டுக்கும் மேல, ஃபிடில்காரங்க 440-ல இருப்பாங்க. ஏ சுருதி ஸ்காட்டிஷ் ஸ்மால்பைப் பாருங்க, விரல் போடுறது கிட்டத்தட்ட அதேதான், சத்தம் ஃபிடிலோட ஒட்டிப் போகும்.

ரீல்ராஜா:
ட்யூன் பிடிக்கிறதுக்கு: பெரும்பாலான ரீல், ஜிக் (நடன ட்யூன் வகைங்க) எல்லாம் ரெண்டு பாகம், பாகத்துக்கு 8 பார் (தாளச் சுத்து), ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ, மொத்தம் 32. அந்த 8-லயும் ஆரம்பத்துல வந்ததே பாதில திரும்ப வரும், முடிவு மட்டும் மாறும். அதனால ஆரம்பத்தையும் முடிவையும் முதல்ல காதுல பிடிங்க, நடுவுல உள்ளது தானா வந்து உக்காரும். வாயால முணுமுணுக்க வர்ற வரைக்கும் சாண்டர (விரல் வச்சு வாசிக்கிற குழல்) தொடாதீங்க, பழைய பைப் வாத்தியாருங்க ட்யூன பாடித்தான் சொல்லிக்குடுத்தாங்க, அதவிட நல்ல வழி எனக்கு தெரியல. கிரேஸ் நோட்டெல்லாம் (சட்டுன்னு தொட்டுட்டுப் போற குட்டி ஸ்வரம்) அப்புறம். ஆனா ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து ரெண்டு தடவ வந்தா நடுவுல ஒண்ணு போட்டே ஆகணும், சத்தம் நிக்காத வாத்தியமாச்சே, இல்லன்னா ரெண்டும் ஒண்ணாவே கேக்கும்.

இன்னொண்ணு, நம்மகிட்ட 9 ஸ்வரம்தான். டி மேஜர், ஏ மிக்ஸோலிடியன் (ஏ மேஜர் மாதிரிதான், ஏழாவது ஸ்வரம் மட்டும் அரைப்படி கீழ) ட்யூன் சுகமா வரும். ஜி மேஜருக்கு சி நேச்சுரல் வேணும், நம்ம சாண்டர்ல இருக்குறது சி ஷார்ப், ஜி ட்யூன் வந்தா பேசாம உக்காந்து கேளுங்க. கீழயோ மேலயோ எட்டாத ஸ்வரத்த ஆக்டேவ் மாத்தி மடிச்சு வாசிக்கலாம், சில ட்யூனுக்கு அது அழகாவே இருக்கும், சிலதுக்கு உயிரே போயிடும்.

மெதுகாது:
ரீல்ராஜா சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க, அவங்ககிட்ட கேட்டுட்டு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, வீட்ல சுருதி மாறாம வேகத்த மட்டும் குறைச்சு ப்ராக்டிஸ் சாண்டர்ல (பை இல்லாத பயிற்சிக் குழல்) வாசிங்க. செஷன்ல உக்காந்ததும் ஊதிடாதீங்க, ரீட் (குழலுக்குள்ள அதிர்ந்து சத்தம் எழுப்புற நாக்கு) அந்த ரூம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழகட்டும், அப்புறம் ட்ரோன (ஒரே ஸ்வரத்த விடாம ஒலிக்கிற குழல்) சரி பண்ணுங்க, ட்ரோன் கொஞ்சம் விலகுனாலும் மொத்த கூட்டத்தையும் படுத்தும்.

புதுபைப்பர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஜி ட்யூன்தான் அங்க நிறைய ஓடுது, அப்ப ஐரிஷ் இல்லன் பைப் வாங்கினா?

துருத்திப்பிரியன்:
ரெண்டு ஆக்டேவ் கிடைக்கும், சி நேச்சுரலும் வரும், சாண்டர தொடைல அழுத்தி சத்தத்த நிறுத்தவும் முடியும். ஆனா விரல் முறையே வேற, முதல்லேருந்து கத்துக்கணும். இப்போதைக்கு ஸ்மால்பைப், ஒரு டி ட்யூன் நல்லா பிடிச்சிட்டு அடுத்த செஷனுக்கு போங்க, நீங்களே ஆரம்பிச்சு வைங்க, கூட சேந்துப்பாங்க.