பொய்க்கால் குதிரை: ஜோடி சுற்றும்போது தடுமாற்றம் ஏன்?

மன்னார்குடியிலிருந்து கேள்வி:
அண்ணே, பொய்க்கால் குதிரையில் ராஜாவும் ராணியுமாக ஜோடி சேர்ந்து ஆடும் ராஜா-ராணி ஆட்டம் தஞ்சையில் எப்போது வேரூன்றியது? சுற்றி வரும்போது ராணி குதிரை ஏன் சாய்கிறது?

தஞ்சாவூரிலிருந்து பதில்:
மராட்டியர் ஆட்சியில் (1676–1855) தம்பி. சாய்வதற்குக் காரணம், நிற்பதுதான். காலில் கட்டும் மரக்கட்டை சுமார் ஓர் அடி உயரம், அடிப்பாகமோ சின்னது. நையாண்டி மேளம் ஓய்ந்தாலும் கால் 'டொக் டொக்'கென்று தட்டிக்கொண்டே இருக்கணும். அசையாமல் நின்றால் விழுவது நிச்சயம்.

கும்பகோணம்:
கட்டையும் பாருங்க. துணிக்கட்டு தளர்ந்தால் கட்டை வெளிப்பக்கம் திரும்பும். ரொம்ப இறுக்கினால் கால் மரத்துப்போகும். உடம்பில் மாட்டும் குதிரைக் கூட்டின் பாரம் இரு தோளிலும் சமமா இறங்கணும். ஜோடி சுற்றும்போது வெளிவட்டத்தில் வருபவர் காலடியை நீட்டி வைக்கணும், உள்ளே இருப்பவர் இருந்த இடத்திலேயே தட்டணும். இல்லையென்றால் குதிரைத் தலைகள் மோதும்.

திருவாரூர்:
மழை பெய்த வண்டல் மண்ணில் கட்டை புதையும். கெட்டித்தரைதான் நல்லது.